சட்டம் செதுக்கிய துப்பாக்கிகள்: போர்க்கால இயந்திரத் துப்பாக்கிகளின் அரைத் தானியங்கிப் படிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஒரு சிறிய, ஆனால் நுட்பம் மிகுந்த உலோகத் தொழில் நடந்துவருகிறது. இரு உலகப் போர்களிலும் படைவீரர் சுமந்து சென்ற இயந்திரத் துப்பாக்கிகளை, எடையிலும் வடிவிலும் மூலத்தோடு ஒத்திருக்குமாறு புதிதாகச் செய்து, சுடும் முறையை மட்டும் மாற்றி, சேகரிப்பாளருக்கும் வரலாற்று ஆர்வலருக்கும் விற்பதே அத்தொழில். மூலத் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குண்டுகள் தொடர்ந்து பாயும். இது முழுத் தானியங்கி முறை எனப்படும். படியிலோ, வெடித்த தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளுவதையும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதையும் துப்பாக்கியே செய்துகொண்டாலும், ஒவ்வொரு குண்டுக்கும் விசையை விட்டுவிட்டு மறுபடி அழுத்தியாக வேண்டும். இது அரைத் தானியங்கி முறை. இந்த ஒற்றை வேறுபாடு எங்கிருந்து வந்தது, அது எவ்வாறு ஒரு தொழிலையே உருவாக்கியது என்று ஆராய்ந்தால், இப்படிகளின் வடிவத்தை முடிவு செய்தவர்களில் பொறியாளரைவிடச் சட்டமியற்றியோரின் பங்கே பெரிது என்பது தெளிவாகும்.

இயந்திரத் துப்பாக்கியின் வரலாற்றை ரிச்சர்ட் கேட்லிங்கிலிருந்து தொடங்குவது வழக்கம். அவர் 1862இல் காப்புரிமை பெற்ற பல குழல் துப்பாக்கி, கைப்பிடியைச் சுழற்றுவதால் இயங்கியது. சுழற்றும் கை நின்றால் சுடுதலும் நின்றது. 1880களின் நடுவில் ஹைரம் மாக்சிம், குண்டு பாயும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படும் விசையையே பயன்படுத்தி அடுத்த தோட்டாவை ஏற்றவும் வெடிக்கவும் செய்தபோதுதான், முழுப் பொருளில் தானாக இயங்கும் துப்பாக்கி பிறந்தது. இந்த வேறுபாடு பிற்காலச் சட்டத்திலும் பிரதிபலித்தது. மனிதக் கை சுழற்றும் மூலக் கேட்லிங் துப்பாக்கியும் அதன் படிகளும் சட்டம் கூறும் இயந்திரத் துப்பாக்கிகள் ஆகா என்று அமெரிக்க வருவாய்த் துறை 1955இல் விளக்கம் அளித்தது. மின்மோட்டாரால் சுழலும் இக்காலப் பல குழல் துப்பாக்கிகளுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே கேட்லிங்கின் படியைச் செய்வோர் மூலத்தின் இயக்கத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதற்குப் பிந்திய எல்லா வகைகளிலும் மாற்றியே ஆக வேண்டும்.

அந்தக் கட்டாயத்தின் தொடக்கம் தாம்சன் துப்பாக்கியில் இருக்கிறது. ஜான் டி. தாம்சன் 1916இல் நிறுவிய ஆட்டோ ஆர்டினன்ஸ் நிறுவனம், முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் பயன்படுவதற்காக, கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கி ஒன்றை வடிவமைத்தது. அது ஆயத்தமாவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1921இல் கோல்ட் தொழிற்சாலை செய்துகொடுத்த 15,000 துப்பாக்கிகளை விற்க அந்நிறுவனம் நெடுங்காலம் தவித்தது. படைகள் வாங்கத் தயங்கிய அத்துப்பாக்கியைக் காவல் துறையினரும் மதுவிலக்குக் காலக் கொள்ளைக் கும்பல்களும் வாங்கினர். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட கொலையில் இரண்டு தாம்சன்கள் பயன்பட்டன. நாட்டின் அச்சம் சட்டமாக மாறுவதற்கு அதன் பின் ஐந்தே ஆண்டுகள் ஆயின.

1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் உருவான விதம் இந்த வரலாற்றின் நடுநாயகம். தலைமை வழக்கறிஞர் ஹோமர் கம்மிங்ஸின் துறை முன்வைத்த முதல் வரைவு, தானாகவோ அரைத் தானாகவோ, மீண்டும் நிரப்பாமல் பன்னிரண்டோ அதற்கு மேலோ குண்டுகளைச் சுடக்கூடிய எந்த ஆயுதமும் இயந்திரத் துப்பாக்கியே என்று வரையறுத்தது. நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவர் கார்ல் ஃபிரெடரிக், ஒலிம்பிக் போட்டியில் தங்கம் வென்ற துப்பாக்கி வீரர், இதனை மறுத்தார். குண்டுகளின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது என்றும், விசையின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் வெளிப்படுகின்றனவா என்பதே அளவுகோலாக வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். குழு அவ்வாதத்தை ஏற்றது. முதல் வரைவே நிலைத்திருந்தால் இன்று விற்பனையாகும் அரைத் தானியங்கிப் படிகளில் பெரும்பாலானவை சட்டப்படி இயந்திரத் துப்பாக்கிகளாகவே கருதப்பட்டிருக்கும். இத்தொழில் தோன்றியிருக்கவே வழியில்லை. ஒரு விசாரணை அறையில் மாற்றப்பட்ட ஒரு தொடரின் பயனாக ஒரு தொழிற்கிளையே பிற்காலத்தில் முளைத்தது எனலாம். அத்தொடரின் வலிமை இன்னும் குன்றவில்லை: 2024 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரைத் தானியங்கித் துப்பாக்கியை விரைந்து சுட உதவும் ஒருவகைத் துணைக்கருவி பற்றிய வழக்கில், விசையின் ஒரே இயக்கம் என்பதன் பொருளை ஆராய்ந்தே தீர்ப்பளித்தது.

1934 ஜூன் 26 அன்று கையெழுத்தான அச்சட்டம் இயந்திரத் துப்பாக்கியைத் தடை செய்யவில்லை. அதனைப் பதிவு செய்யவும், கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி கட்டவும் ஆணையிட்டது. அன்று ஒரு புதிய தாம்சனின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே வரி என்ற பெயரில் அது ஒரு மதிலாகவே எழுந்தது. இயந்திரத் துப்பாக்கிக்கு விதித்த அத்தொகை இன்றுவரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அச்சட்டத்தின் இன்னொரு கூறு, குழல் குட்டையான நீள்துப்பாக்கிகளையும் இதே வரிக்குள் கொண்டுவந்தது. முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இடம்பெற்றிருந்தமையால், நீள்துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கி போல் ஆக்கிக்கொள்வதைத் தடுக்க அவ்விதி தேவைப்பட்டது. கைத்துப்பாக்கிகள் வரைவிலிருந்து நீக்கப்பட்ட பின்னும் குட்டைக் குழல் விதி மட்டும் தங்கிவிட்டது. தன் காரணத்தை இழந்த பிறகும் வாழ்ந்துவரும் அவ்விதி, பின்னால் தாம்சனின் படியில் எவர் கண்ணுக்கும் படும் அடையாளமாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அயல்நாட்டுப் போர்க்களங்களிலிருந்து திரும்பிய வீரர்கள் நினைவுப் பொருள்களாக ஆயுதங்களையும் கொண்டுவந்தனர். அவற்றைப் பற்றவைத்துச் செயலிழக்கச் செய்துவிட்டால் பதிவு தேவையில்லை என்ற சலுகை சில காலம் இருந்தது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அச்சலுகையை நீக்கி, நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை முப்பது நாள் பொதுமன்னிப்புக் காலம் அளித்து, பதிவாகாதவற்றைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. மேலும், இயந்திரத் துப்பாக்கியின் ரிசீவர் எனப்படும் உடற்பகுதி, அதாவது இயங்குறுப்புகள் யாவும் பொருந்தி அமரும் நடுப்பெட்டி, தனியே கிடந்தாலும் இயந்திரத் துப்பாக்கியே என்று அச்சட்டம் வரையறையை விரித்தது. இதன் விளைவு தொலைநோக்குடையது. அயல்நாட்டுப் படைகள் கழித்த துப்பாக்கிகளை இறக்குமதி செய்ய விரும்புவோர் உடற்பகுதியைத் தீச்சுடரால் அறுத்துச் சிதைத்துவிட்டு எஞ்சிய உறுப்புகளை மட்டுமே கொண்டுவர முடிந்தது. இப்படி வந்து குவிந்த உறுப்புத் தொகுதிகளுக்குப் புதிய, சட்டத்துக்கு இணங்கிய உடலைச் செய்துகொடுப்பதே படித் தொழிலின் அடிப்படையாக அமைந்தது.

முதலில் சந்தைக்கு வந்த பெரும் பெயர் தாம்சனுடையதே. போர்க்காலத்தில் பதினைந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அத்துப்பாக்கியின் எஞ்சிய உறுப்புகளும் உரிமையும் 1951இல் நியூம்ரிச் என்னும் வணிக நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1970களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் ஹர்லி ஊரிலிருந்து 1927ஏ1 என்ற அரைத் தானியங்கித் தாம்சன் வெளிவரத் தொடங்கியது. 1999இல் உரிமை கார் ஆர்ம்ஸ் நிறுவனத்துக்கு மாறிய பின்னும் அதன் உற்பத்தி தொடர்கிறது. மூலத் தாம்சனின் குழல் பத்தரை அங்குலம். படியின் குழல் பதினாறு அங்குலத்துக்கும் மேல். நீள்துப்பாக்கியின் குழல் பதினாறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்ற விதியே இந்த நீட்சிக்குக் காரணம். திரைப்படங்களில் பார்த்துப் பழகிய குறுகிய கட்டான உருவம் படியில் மூக்கு நீண்டு நிற்பதைக் காணும் எவரும், அதில் 1934ஆம் ஆண்டின் கைவிடப்பட்ட கைத்துப்பாக்கிப் பிரிவின் எச்சத்தைத்தான் காண்கின்றனர்.

அடுத்த திருப்பம் போல்ட் பற்றியது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, வெடிக்கும்போது பின்புறத்தை அடைத்து நிற்கும் உருக்குத் துண்டே போல்ட். பழைய இயந்திரத் துப்பாக்கிகள் பலவற்றில், சுடுவதற்கு முன் போல்ட் பின்னே இழுபட்டு நிற்கும். விசையை அழுத்தியதும் முன்னோக்கிப் பாய்ந்து தோட்டாவை ஏற்றி வெடிக்கும். குழல் திறந்திருப்பதால் இடைவேளைகளில் காற்றோட்டம் கிடைத்துச் சூடு தணியும் என்பது இதன் பயன். மூடிய போல்ட் முறையிலோ தோட்டா முன்னமே குழலுக்குள் காத்திருக்க, விசை தனியான சுத்தியையோ ஊசியையோ விடுவிக்கும். திறந்த போல்ட் முறையில் அமைந்த அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை முழுத் தானியங்கியாக மாற்றுவது எளிது என்று கண்ட மது, புகையிலை, துப்பாக்கிப் பணியகம், 1982இல் அத்தகைய சில வகைகளை இயந்திரத் துப்பாக்கிகளாகவே வகைப்படுத்தியது. அதுமுதல் படிகள் யாவும் மூடிய போல்ட்டுக்கு மாறின. வெளித்தோற்றம் மாறாமல் உள்ளமைப்பை அடியோடு மாற்றும் பெரும் பொறியியல் வேலை அங்கேதான் தொடங்கியது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் நியூஜெர்சி உறுப்பினர் வில்லியம் ஹியூஸ் கொண்டுவந்த திருத்தம், 1986 மே 19க்குப் பின் செய்யப்படும் எந்த இயந்திரத் துப்பாக்கியையும் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது என்று ஆக்கியது. அந்நாளுக்கு முன் பதிவாகிக் கைமாற்றத் தக்கவையாக நாடெங்கும் இருப்பவை ஏறத்தாழ 1,75,000 மட்டுமே. இனி அந்தத் தொகை கூடாது. பழுதாலும் அழிவாலும் குறையத்தான் செய்யும். அதனால் ஒரு மூலத் தாம்சனின் விலை பல்லாயிரம் டாலராக ஏறியது. மூலத்தை எட்ட முடியாத சேகரிப்பாளர்களின் கூட்டம் பெருகப் பெருக, படிகளுக்குச் சந்தை விரிந்தது.

இச்சந்தையில் ஜான் பிரவுனிங்கின் படைப்புகளுக்குத் தனி இடம் உண்டு. 1917 மே மாதம் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் நடந்த சோதனையில் அவருடைய நீர்க்குளிர்ப்புத் துப்பாக்கி இருபதாயிரம் குண்டுகளைச் சுட்டு, மீண்டும் இருபதாயிரம் சுட்டது. இரண்டாவது துப்பாக்கி ஒன்று நாற்பத்தெட்டு நிமிடங்களுக்கும் மேலாக இடைவிடாமல் சுட்டது. அதன் காற்றுக்குளிர்ப்பு வடிவமான எம்1919ஏ4, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையின் தோழனாயிற்று. ஏறத்தாழ பதினான்கு கிலோ எடையும் 250 தோட்டாக்கள் கொண்ட துணிப்பட்டையும் உடைய அத்துப்பாக்கியை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சாகினா தொழிற்கிளை, கார்களுக்கான ஸ்டியரிங் உறுப்புகளைச் செய்துவந்த இடம், போருக்காகச் செய்தது. ஒப்பந்தத்தில் மதிப்பிட்ட 667 டாலர் விலையை அது 141 டாலராகக் குறைத்தது.

எம்1919இன் உடல் ஒரே துண்டாகக் கடைந்தெடுத்ததன்று. தகடுகளை ரிவிட் ஆணிகளால் பிணைத்த நீண்ட பெட்டி. சட்டம் அப்பெட்டியின் வலப் பக்கத் தகட்டையே துப்பாக்கியாகக் கொள்கிறது. எனவே போர்க்காலத் துப்பாக்கியின் மற்ற உறுப்புகளோடு, பழைய முழுத் தானியங்கி உறுப்புகள் உள்ளே பொருந்தாத வண்ணம் மாற்றி அமைத்த புதிய வலத் தகடு ஒன்றை இணைத்துப் படிகள் உருவாயின. இஸ்ரேல் படை தன் தேவைக்கேற்ப வேறு அளவுத் தோட்டாவுக்கு மாற்றி நெடுநாள் பயன்படுத்திய எம்1919களின் உறுப்புகள் பெருமளவில் அமெரிக்காவுக்கு வந்து இத்தொழிலுக்கு உரமூட்டின. அமெரிக்கத் தொழிற்சாலையில் பிறந்து, அயல்நாட்டுப் படையில் பணியாற்றி, உடல் அறுபட்டு, பிறந்த நாட்டுக்கே திரும்பிப் புது உடல் பெற்ற இத்துப்பாக்கிகளின் பயணமே தனியே எழுதப்பட வேண்டிய ஒன்று. ரிவிட் அடித்துப் பெட்டி கோட்டாமல் நேராக நிறுத்தும் கைத்திறன், பற்றவைப்பு பரவிய பின் பட்டறைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்திருந்தது. அதனை இத்தொழிலாளர் மீண்டும் பயின்று கொண்டனர். வரலாற்று மாணவர் மதிக்க வேண்டிய மீட்பு அது.

பிரவுனிங்கின் இன்னொரு படைப்பான பி.ஏ.ஆர், அதாவது பிரவுனிங் தானியங்கி ரைஃபிள், படியாக மாறியபோது நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. 1918இல் போர்முனைக்கு வந்த முதல் வடிவத்தில் ஒற்றைக் குண்டாகவும் தொடர்ச்சியாகவும் சுட வழி இருந்தது. இரண்டாம் உலகப் போரின் எம்1918ஏ2 வடிவத்தில் ஒற்றைக் குண்டு முறை நீக்கப்பட்டு, மெதுவான தொடர்ச்சி, விரைவான தொடர்ச்சி என்ற இரண்டு வேகங்கள் மட்டும் தரப்பட்டன. ஒஹாயோ மாநிலத்தின் ஒஹாயோ ஆர்டினன்ஸ் ஒர்க்ஸ் நிறுவனம் செய்யும் படியின் பெயர் 1918ஏ3. மூலத்தின் எடையும் இருபது தோட்டா மேகசினும் அதில் உண்டு; போல்ட் மட்டும் மூடிய முறைக்கு மாறியிருக்கிறது. நார்மண்டியில் அதனைச் சுமந்த வீரனுக்குக் கிடைக்காத ஒற்றைக் குண்டு முறை மட்டுமே படியில் இருக்கிறது. அவனுக்குக் கிடைத்த இரண்டு வேகங்களும் இல்லை. ஆகவே இப்படியைச் சுட்டுப் பார்த்து அப்போர்வீரனின் அனுபவத்தை அறிந்துவிட்டதாக எவரும் கூறுவாராயின், அது பிழையான கூற்று.

ஜெர்மன் வான்குடைப் படையின் எஃப்.ஜி.42 இதற்கு எதிர்நிலையில் நிற்கிறது. 1941 மே மாதம் கிரீட் தீவில் குதித்த வான்குடை வீரர்கள், நீள்துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் வேறிடத்தில் விழுந்ததால், கைத்துப்பாக்கிகளோடு தவித்துப் பெரும் உயிரிழப்புக்கு ஆளாயினர். வீரனோடே குதிக்கும் ஒரே ஆயுதம், ரைஃபிளாகவும் இலகு இயந்திரத் துப்பாக்கியாகவும் பயன்பட வேண்டும் என்ற தேவையிலிருந்து, ரைன்மெட்டால் நிறுவனத்தின் லூயி ஸ்டாங்கே அதனை வடிவமைத்தார். ஒற்றைக் குண்டு சுடும்போது மூடிய போல்ட்டிலும், தொடர்ந்து சுடும்போது திறந்த போல்ட்டிலும் இயங்கும் அரிய ஏற்பாடு அதில் இருந்தது. ஏறத்தாழ ஏழாயிரம் மட்டுமே செய்யப்பட்டமையால் அறுத்து அனுப்ப உறுப்புத் தொகுதிகள் ஏதும் மிஞ்சவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் எஸ்.எம்.ஜி கன்ஸ் நிறுவனம் இதன் இரண்டாம் வடிவத்தைப் புதிதாகவே செய்ய நேர்ந்தது. மூலத்தின் ஒற்றைக் குண்டு முறை ஏற்கெனவே மூடிய போல்ட்டைச் சார்ந்தது என்பதால், இங்கே சட்டத்தின் கட்டாயமும் மூல வடிவமைப்பின் ஒரு பாதியும் ஒன்றுபட்டன. எல்லாப் படிகளிலும் மூலத்தின் சிந்தனைக்கு மிக அருகில் நிற்பது இதுவே எனலாம்.

இறக்குமதிச் சட்டங்களும் தம் தடத்தைப் பதித்தன. 1989இல் ஒருவகை அரைத் தானியங்கி ரைஃபிள்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1990இல் வந்த விதியைத் தொடர்ந்து, இறக்குமதி உறுப்புகளால் உள்நாட்டில் பூட்டும் அத்தகைய ரைஃபிள்களில், பட்டியலிடப்பட்ட இருபது உறுப்புகளுள் பத்துக்கு மேல் அயல்நாட்டவை இருக்கக் கூடாது என்றாயிற்று. 2005இல் உறுப்புத் தொகுதிகளோடு குழல்கள் வருவதும் நின்றது. அதனால் அண்மைக்காலப் படி ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், போர்க்கால முத்திரையுள்ள உறுப்பும் சென்ற பத்தாண்டில் அமெரிக்கப் பட்டறையில் கடைந்த உறுப்பும் அடுத்தடுத்து இருக்கும்.

ஐரோப்பாவில் கதை வேறு. பிரிட்டனில் 1987இல் ஹங்கர்ஃபோர்டு ஊரில் நடந்த படுகொலைக்குப் பின் இயற்றிய 1988ஆம் ஆண்டுச் சட்டம், சிறு .22 அளவுக்கு மேற்பட்ட அரைத் தானியங்கி ரைஃபிள்களையே பொதுமக்களுக்குத் தடை செய்தமையால், அங்கே செயலிழக்கச் செய்தவை மட்டும் சேகரிப்பாளர் கைக்கு எட்டுகின்றன. ஜெர்மனியில் போர் ஆயுதத் தோற்றமுள்ள துப்பாக்கிகளுக்கு இருந்த தடை 2003இல் நடைமுறைக்கு வந்த புதிய ஆயுதச் சட்டத்தில் நீங்கியது. அதன் பின் டிட்ரிக் என்ற நிறுவனம் எம்.பி.38, ஸ்டுர்ம்கெவேர் 44 ஆகியவற்றின் அரைத் தானியங்கிப் படிகளை அங்கே செய்தது.

இவற்றை வாங்குவோரில் பழைய போர்களை உடையும் கருவியும் சகிதம் நடித்துக் காட்டும் குழுவினர் உண்டு. தந்தையரும் பாட்டனாரும் சுமந்த ஆயுதத்தின் எடையைத் தோளில் உணர விரும்புவோர் உண்டு. கென்டக்கி மாநிலத்தின் நாப் கிரீக் சுடுகளத்தில் ஆண்டுக்கு இருமுறை நடந்து 2021இல் நின்றுபோன இயந்திரத் துப்பாக்கித் திருவிழாவில் மூலங்களும் படிகளும் ஒன்றாகவே காட்சிக்கு வந்தன. எனினும் படி சொல்லாமல் விடும் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஜெர்மன் எம்.ஜி.42 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 குண்டுகளைச் சுட்டது. தனித்தனி வெடிகளாகக் காதில் விழாமல் துணி கிழிபடும் ஓசை போல ஒலித்த அச்சத்தம் வீரர்களின் மனத்தைக் குலைத்ததால், அதனைப் பழக்கப்படுத்தவென்றே அமெரிக்கப் படை ஒரு பயிற்சிப் படம் எடுக்க நேர்ந்தது. எம்.ஜி.42இன் அரைத் தானியங்கிப் படியில் தகடும் துளைகளும் மூலத்தைப் போலவே இருக்கும். அந்த ஓசை இராது. சோம் ஆற்றங்கரையிலும் நார்மண்டிக் கரையிலும் ஆயிரமாயிரம் இளைஞரை வீழ்த்தியது தொடர்ந்து பாய்ந்த குண்டுகளின் விரைவே. அதனை நீக்கிய படி, கொல்லும் திறனை இழக்காத துப்பாக்கியாகவே இருந்தும், அப்போர்களின் கொடுமையைக் குறைத்துக் காட்டும் அபாயம் உடையது. காட்சிக்கு வைப்போர் இதனைப் பார்வையாளருக்கு வெளிப்படச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கடமையும் உண்டு. இப்படிகளில் முதலில் வந்தவை இப்போதே ஐம்பது ஆண்டுப் பழமையை நெருங்கிவிட்டன. சில பட்டறைகள் மூடப்பட்டுவிட்டன. போர்க்கால உறுப்பும் புதிய உறுப்பும் கலந்த துப்பாக்கி, இன்னும் இரண்டு தலைமுறை கழித்து மூலமென்றே தவறாகப் பதிவாகக்கூடும். அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளரும் ஒவ்வொரு படியின் உடற்பகுதியைச் செய்த பட்டறை, செய்த ஆண்டு, மாற்றிய உறுப்புகள், அம்மாற்றத்துக்குக் காரணமான விதி ஆகியவற்றை இப்போதே எழுதி வைக்க வேண்டும். அவற்றைச் செய்த தொழிலாளர் பலர் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.